வழி மாறாத உத்தமப் படகு

மனித குலம் இதுவரை மிதக்கவிட்ட பொருள்களிலேயே உத்தமமானது மாமனாரின் பாய்மரப் படகுதான். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மாப்பிள்ளையிடம் அப்படியொரு கருத்து இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை அவர் வெளியே எடுத்ததில்லை.

மாமனார் படகு வடிவமைப்பாளர். முன்நுனியிலிருந்து பின்நுனிவரை ஒரே நீளமான அடிக்கட்டை வைத்து, அதற்குள் படகின் பாதி எடைக்கு ஈயம் ஊற்றியிருந்தார். புயல் புரட்டிப்போட்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். சுக்கானை விட்டுவிட்டாலும் நூல் பிடித்தாற்போல நேரே போகும். எஞ்சின் கிடையாது, வைத்தால் அது காற்றின்மேல் 'அவநம்பிக்கை'. ஓரத்தில் கைப்பிடிக் கம்பியும் கிடையாது.

"ஆடுற படகுக்குத்தான் மாப்பிள்ளை கம்பி. இது ஆடாது" என்று மாப்பிள்ளையின் கோரிக்கையை ஏற்கெனவே பைசல் செய்திருந்தார்.

கடலில் செல்லத் தகுதியானது என்று சான்றிதழ் தர அன்று ஆய்வாளர் வந்திருந்தார். கரை தூரத்தில் கோடாகத் தெரிந்த இடத்தில், மாமனார் சுக்கானிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு கோப்பையில் விளிம்புவரை டீ ஊற்றி வைத்தார். படகு நேரே போனது. டீ அசையவில்லை. இந்தச் சரித்திர நிகழ்வைப் படமெடுக்கப் போன மாப்பிள்ளை, கோப்பையும் மாமனாரும் படத்தில் சேர்ந்து விழவேண்டும் என்று ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த ஓரடியில் படகு இல்லை.

"அப்பா! அவரு தண்ணியில விழுந்துட்டாரு!" என்று கூட வந்திருந்த மகள் அலறினாள்.

"டீ சிந்துச்சா பாருங்க சார்."

"ஒரு சொட்டு இல்ல" என்றார் ஆய்வாளர், பக்தியோடு.

மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. சம்பந்தம் பேசியபோது யாரும் அதைக் கேட்கவில்லை. மகள் இருக்கை மெத்தையை உருவி வீசினாள்.

"அம்மாடி, அது புதுசு!" என்றார் மாமனார்.

மெத்தையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை கத்தினார்: "மாமா! படகைத் திருப்புங்க மாமா!"

"கையக் கால ஆட்டாதீங்க மாப்பிள்ளை! படகைப் பாத்துக் கத்துக்குங்க!"

இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தவர். சுக்கானை முழு பலத்தோடு தள்ளினார். படகு பாதி திரும்பியது. காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றது. யோசித்தது. பிறகு பழைய வழிக்கே வந்து சேர்ந்தது. மாமனாரின் கண்கள் பனித்தன.

"பாத்தீங்களா சார், கொள்கைப் பிடிப்பை?"

"அப்பா, இன்னொரு தடவை!"

"அவசரப்பட்டா எப்படிம்மா? அதுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?"

மாப்பிள்ளையின் கண்ணுக்குப் படகு உள்ளங்கை அளவாகி, பிறகு நகத்தளவானது. உப்புத் தண்ணீர் மூக்குக்குள் ஏறியது. விரல்கள் மரத்து மெத்தை நழுவத் தொடங்கியபோது, பிளாஸ்டிக் துடுப்புப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அருகே வந்தார்.

"யோவ், படுக்க வேற எடம் கெடைக்கலையா? ஏறு!"

இரண்டாவது முறையும் திரும்ப மறுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த படகிலிருந்து, காற்றோடு ஒரு குரல் வந்தது: "அதுல ஏறாதீங்க மாப்பிள்ளை! பாதுகாப்பு இல்ல!"

மாப்பிள்ளை முதல்முறையாக மாமனார் சொல்லைத் தட்டினார்.

காற்று திசை மாறச் சம்மதித்த பிறகு, சாயங்காலம் படகு துறைக்கு வந்தது. ஆய்வாளர் மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பாதுகாப்பான படகை நான் பாத்ததில்ல சார். படகுல இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல!"

துறையில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். "அப்ப நான்?"

மாமனார் அவர் தோளை அன்போடு தட்டினார்.

"நீங்கதான் படகுலயே இல்லையே, மாப்பிள்ளை!"