கௌரவச் செயலாளரும் எண்ணூறு மீட்டரும்

விளையாட்டு உலகில் ஜெயிப்பவர்கள் ஒரு ரகம், தோற்பவர்கள் ஒரு ரகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. கௌரவச் செயலாளர். இவர் ஓடமாட்டார், தாண்டமாட்டார், எறியமாட்டார். ஆனால் இவர் கையெழுத்துப் போடாமல் வேறு யாரும் ஓடவோ தாண்டவோ எறியவோ முடியாது. சம்பளம் வாங்காமல் உழைக்கிறார். அதனாலேயே இவரை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது.

நான் சொல்லப்போகிறவர் தேசியப் பல்கலைக்கழக விளையாட்டுப் பேரவையின் கௌரவச் செயலாளராகப் பதினெட்டு வருடம் இருந்தவர். அறுபத்து மூன்று பல்கலைக்கழகங்கள் அவர் குடைக்கீழ். எதற்கும் ஒரு தீர்மானம் போடுவார், எதையும் தீர்மானிக்கமாட்டார் என்பதால் அவருக்குத் ‘தீர்மானம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட, “யோசிச்சு ஒரு முடிவுக்கு வருவோம்” என்பார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவார்.

பத்தொன்பது வயதில் கல்லூரி ஹாக்கி அணியோடு அவர் ரயிலில் போனார். ஆடுவதற்கு இல்லை, எல்லாருடைய டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கு. டிக்கெட் அவர் பையில் இருந்ததால் பதினாறு ஆட்டக்காரர்களும் பிளாட்பாரத்தில் அவரைச் சுற்றியே நின்றார்கள். அந்த ருசி அவரை விடவே இல்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் காலை ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கால்நடை மருத்துவம் மேற்படிப்புப் படிக்கிறவள். தேசியப் பல்கலைக்கழகப் போட்டியில் எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் இரண்டு நொடியில் ஓடி, சர்வதேசப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தாள். அந்தப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இருபத்தைந்து வயதுக்கு மேல் அதில் ஓட முடியாது. அவளுக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. வீரர்களின் பெயர்கள் பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும்.

தடையாக இருந்தது பதினாலாம் விதி. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள், பழைய இடத்திலிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று கடிதம் வாங்கி வரவேண்டும். தீர்மானமே எழுதிய விதி அது. ஒரு பல்கலைக்கழகம், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுடைய தகப்பனாரை ‘இப்போதுதான் மாறி வந்த மாணவர்’ என்று சொல்லிக் கோல்கீப்பராக நிறுத்தியபோது, அதைத் தடுப்பதற்காக எழுதியது. நல்ல காரணம்தான். ஆனால் தேசியப் போட்டிக்குப் பிறகு மேற்படிப்புக்காகப் பல்கலைக்கழகம் மாறியிருந்த இந்தப் பெண்ணின் பழைய இடத்து உடற்கல்வி இயக்குநர், பேரவைத் தேர்தலில் துணைத்தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர். தோற்கடித்தது தீர்மானத்தின் ஆட்கள். எனவே கடிதம் கேட்டு மூன்று முறை எழுதியும் அங்கிருந்து மூச்சே இல்லை.

அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “சார், நான் ஓடணும்” என்றாள்.

“தாராளமா ஓடும்மா. யார் வேண்டாம்னா? பேர் அனுப்புறதுலதான் சிக்கல்.”

அவள் போனபிறகு அலுவலக எழுத்தர் அம்மாள் விதிப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். எந்த விதி எந்தப் பக்கம் என்று மனப்பாடம். அதே பதினாலாம் விதியின் அடியில், தகுந்த காரணம் இருந்தால் செயலாளர் தன் பொறுப்பில் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது.

தீர்மானம் அதை இரண்டு முறை படித்தார். விலக்கு அளிப்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ‘தன் பொறுப்பில்’ என்ற இரண்டு சொற்கள்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டன. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால்? பொறுப்பு என்பது ஐந்து பேராகத் தூக்கவேண்டிய பொருள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஐந்து பேர் கொண்ட உபகுழு ஒன்றை உடனே அமைத்தார். அந்த ‘உடனே’வுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

உபகுழு பதினாலாம் தேதி கூடியது. சர்வதேசப் போட்டிக்குப் போகும் அதிகாரிகளின் கோட்டு கருநீலமா, கரும்பச்சையா என்ற விவாதம் முதலில் வந்தது. கருநீலம் போட்டால் விமானப் பணியாளர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் ஒருவர்; போன முறை அவரிடம் யாரோ தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். இது முடியவே மதியமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் விஷயம் ஒன்பதாவது. ‘கொள்கை அளவில்’ ஒப்புதல் தந்தார்கள். ஐவரில் ஒருவர் பாதியில் கிளம்பிவிட்டிருந்ததால் அவர் கையெழுத்து மறுநாள் மாலைதான் கிடைத்தது. பெயர் பதினாறாம் தேதி காலையில் போயிற்று. தேதி கடந்துவிட்டது, வருந்துகிறோம் என்று அன்றைக்கே பதில் வந்தது.

எழுத்தர் அம்மாள் அதைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னார். சொல்லவேண்டியவர் பக்கத்து அறையில் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வீரர்களும் பத்தொன்பது அதிகாரிகளும் விமானம் ஏறினார்கள். அணித் தலைவர் யார் என்று கேட்பீர்களா என்ன?

இதுவரை ஒன்பது சர்வதேசப் போட்டிகளுக்குப் போனவர் தீர்மானம். பந்தயம் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தானே மற்ற நாட்டுச் செயலாளர்களோடு கைகுலுக்க முடியும்? ஆனால் அன்று பெண்கள் எண்ணூறு மீட்டர் இறுதிப்போட்டி நடக்கும்போது பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. வேறு வழியில்லாமல் பார்த்தார். எட்டுப் பெண்கள், இரண்டு சுற்று. கடைசி வளைவில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர்கள் வந்த வேகத்தில் தம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பலகையில் நேரம் தெரிந்தது. மூன்றாவதாக வந்தவள்: இரண்டு நிமிடம் மூன்று நொடி.

அவருக்குக் கணக்கு தெரியும். மறுபடி உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரோ வந்து கைநீட்டினார்கள். இவர் குலுக்க மறந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் யாரிடமும் சொல்லாமல், எந்தக் குழுவையும் கலக்காமல், கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவளைத் தேடிப் போனார். அவள் ஒரு பசுவின் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக் குளம்பில் சீழ் எடுத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அங்கே ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

“நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நீ போயிருப்பே” என்றார்.

அவள் நிமிரவில்லை. “தெரியும் சார். மூணாவது வந்தவ நேரத்தை நானும் பார்த்தேன்.”

மன்னிப்புக் கேட்பதற்கும் முன்மாதிரித் தீர்மானம் இருந்தால் வசதியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். பேரவையில் வீரர்களின் பிரதிநிதியாக ஓர் இடம் காலியாகத்தான் கிடக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அவள் குளம்பைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி முடித்தாள்.

“வர்றேன். ஆனா பதினாலாம் விதிதான் முதல்ல. கோட்டு அப்புறம்.”

அவள் வந்தாள். பொதுக்குழுவில் எல்லாரும் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, பழைய பல்கலைக்கழகம் பத்து நாளில் பதில் தராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்றே அர்த்தம் எனத் திருத்தம் வாசித்தாள். அந்த உடற்கல்வி இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை முதலில் தூக்கியவர் தீர்மானம். மற்றவர்கள் ஏதோ முன்கூட்டியே பேசிவைத்த விஷயம் போலிருக்கிறது என்று பயந்து, வரிசையாகத் தூக்கிவிட்டார்கள். நான்கு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த சர்வதேசப் போட்டிக்கு மூன்று பேர் அந்தத் திருத்தத்தால் போனார்கள். அவள் போகவில்லை, அவளுக்கு வயதாகிவிட்டிருந்தது. தீர்மானத்துக்கு, திருத்தம் நிறைவேறிய அதே கூட்டத்திலேயே பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதன் வாசகத்தை முடிவுசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் குறுக்கிடவில்லை.

நல்லவேளை, நாம் எந்தப் பேரவைக்கும் செயலாளர் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். இதைப் படிக்க எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஆபீஸா, வங்கியா, குடியிருப்போர் சங்க அறையா? கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கையில் ஒரு காகிதத்தோடு யாரோ நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாக?