பேட்டரிகளுக்கு வாசலின் வழங்கப்பட்ட வரலாறு

மின்சாரம் போனாலும் அவசர அழைப்பு நிலையத்தின் தொலைபேசிகள் ஊமையாகிவிடக் கூடாது என்பதற்காக, பின்னறையில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தோம். அந்த இணைப்புகள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தன. சுரண்டித் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் களிம்பு தடவினால் மறுபடி பூக்காது. இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்வதற்கா அலுவலகம் வைத்திருக்கிறோம்?

வாசலின் கேட்டு எழுதியவர் தற்காலிக எழுத்தர். பல வருடமாகத் தற்காலிகம். நிரந்தரம் ஆனால்தான் பெண் என்று வருங்கால மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலியாக இருந்த நிரந்தர இடத்தை நம்பி, முதல் மணி அடித்து முடிப்பதற்குள் தொலைபேசியை எடுத்துவிடுவார் பாவம்.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"வாசலின் அழகுசாதனம் தம்பி. பேட்டரி என்ன, உதட்டுல பூசிக்கப் போகுதா?"

"முனையில பூசணும் சார். இல்லன்னா கரண்ட் போற அன்னிக்கு போனும் போயிடும்."

"போகட்டும். ஆடிட்டுக்கு யாரு பதில் சொல்றது? சரும நலத் திட்டத்துல ஊழியர்களுக்கு மட்டும்தான் வாசலின் தரலாம்."

"அப்ப பேட்டரியையும் ஊழியர்னு சேத்துக்குங்க சார்" என்று எழுத்தர் எரிச்சலில் சொல்லித் தொலைத்தார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பேட்டரிகள் முறைப்படி பணியில் சேர்க்கப்பட்டன. வாசலினும் வந்தது. ஆனால் ஊழியர் தமக்குரிய வாசலினைத் தாமே பூசிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் முன்பும் ஒரு டப்பா வைக்கப்பட்டது. பேட்டரிகள் பூசிக்கொள்ளவில்லை. பொறுக்க முடியாமல் எழுத்தர் விரலில் தொட்டுக்கொண்டு கிட்டே போனார். சக ஊழியர் மேல் கைவைக்க முயன்றதாக அவருக்கு மெமோ வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் மின்சாரம் போனது. பூத்த இணைப்புகள் கைவிரித்தன. தொலைபேசிகள் மொத்தமும் செத்தன. அன்று ஊரில் யாருக்கு என்ன அவசரமோ, நல்லவேளையாக எங்களுக்குத் தெரியவரவில்லை.

விசாரணைக்கு இயக்குநரே வந்தார். பேட்டரிகளிடம் விளக்கம் கேட்டார். அவை வாய் திறக்கவில்லை.

"இவங்க எப்பலேருந்து இருக்காங்க?" என்று மேலாளர் பக்கம் திரும்பினார்.

"எழுத்தருக்கு முன்னாலேருந்தே இருக்காங்க சார்."

"லீவு போடுவாங்களா?"

"போட்டதே இல்ல சார்."

"எதிர்த்துப் பேசுவாங்களா?"

"மூச்சு விடமாட்டாங்க சார்."

இயக்குநர் மனம் நெகிழ்ந்துவிட்டார். நிரந்தர இடம் மூத்த பேட்டரிக்குப் போனது.

எனக்கே வயிறு எரிந்தது. எழுத்தர் அழுதிருந்தால் தேற்றியிருப்போம். அவர் அழவில்லை. நாற்காலியில் போய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். மின்சாரம் வந்தது, தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"தம்பி, அடிக்குது பாருங்க" என்றேன்.

பேட்டரி மாதிரியே அவரும் மூச்சு விடவில்லை.

அடுத்து வந்த நிரந்தர இடம் அவருக்குத்தான். பெண்ணும் கிடைத்தது. நாங்கள் மட்டும் என்ன இளிச்சவாயர்களா? இப்போது நிலையத்தில் அத்தனை பேரும் நிரந்தரம். அவசரம் என்றால் நீங்கள் தாராளமாக அழைக்கலாம். மணி நன்றாகவே அடிக்கிறது.