காற்றெடுக்கும் நல்லமுத்து

‘இதுக்குப் போயா மெக்கானிக்?’ என்று கேட்கும் ஓர் இனம் நம் நாட்டில் வேகமாகப் பெருகி வருகிறது, கவனித்தீர்களா? கைபேசியில் ஒன்பது நிமிட வீடியோ பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கும் இனம். பந்தல்குடியில் அதற்கு நல்லமுத்து என்று பெயர். உரக்கடைக்காரர்.

முந்தின நாள்தான் தன் பழைய காரில், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவத்தைத் தானே மாற்றியிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு மகள் ரோஷினிக்கு மதுரையில் வேலைக்கான நேர்காணல். காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மெக்கானிக்கு ரபீக்குக்கு ஒரு போன் போடுங்க, அவுக வந்து பாக்கட்டும்,” என்றாள் மனைவி தங்கச்செல்வி.

“குழாய்க்குள்ள காத்து நிக்குது. எடுத்துவிட்டா முடிஞ்சுது. பத்தே நிமிசம்!”

இந்த இனத்தாரின் பத்து நிமிடத்தை எந்தக் கடிகாரம் அளந்திருக்கிறது?

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் முக்கால் மணி நேரம் காத்திருந்து, முன்சக்கரங்களை வாசல் சரிவில் ஏற்றி, பாட்டிலை அறுத்துப் புனலாகச் செருகி, கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அடைபட்ட காற்று வெளியேற வண்டிக்குள் ஹீட்டரையும் முழுதாகத் திருகினார். சித்திரை மாதத்தில், அருப்புக்கோட்டைச் சீமையில், ஹீட்டர்! உள்ளே பட்டுச்சேலையோடு தங்கச்செல்வி.

“சூடா வருதா?”

“எனக்கே ஆவி வருது!”

புனலில் ஒரு குமிழி எழும்பியது. நல்லமுத்துவுக்குப் புல்லரித்தது. ரோஷினி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மணி பார்த்தாள்.

“அப்பா, நான் பஸ்ஸுல போறேன்.”

“இரும்மா, இதுதான் கடைசிக் குமிழி!”

அது கடைசியல்ல. அதற்குப் பின் இருபது வந்தன. எட்டு மணிக்கு அவள் பஸ் ஏறிவிட்டாள். ஒன்பதே முக்காலுக்குக் குமிழிகள் ஓய்ந்தன. ஊசி நடுவில் நின்றது. மனிதர் ஜெயித்துவிட்டார்! “ஏ புள்ள, குமிழி நின்னுருச்சு!” என்று கத்தித் திரும்பினால் பார்க்க ஆளில்லை. தங்கச்செல்வி இரண்டாவது முறையாகக் குளிக்கப் போயிருந்தாள்.

கூலன்ட் அப்பிய சட்டையோடு மதுரைக்கு வண்டியை விரட்டினார். பன்னிரண்டரைக்கு ரோஷினி வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அப்பா, வேல கெடச்சிருச்சு!”

“அறுபது கிலோமீட்டரும் ஊசி அசையவே இல்லம்மா!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

நீங்களும் சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியைப் பிரித்து மாட்டிவிட்டு, மிஞ்சிய இரண்டு திருகாணிகளை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது யாராம்?