பாம்புக் குட்டிக்கு வைத்த கோழிச் சாறு

கூச்சக்காரருக்கு இந்த உலகத்தில் மிகவும் கஷ்டமான வேலை, மற்றவர் பார்க்க வாயைத் திறப்பது. பேசுவதற்கென்றாலும் சரி, சாப்பிடுவதற்கென்றாலும் சரி. நான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில், சுவரைப் பார்த்தபடி இருக்கும் கதிரையைத் தேடிப்பிடித்துத்தான் உட்காருவேன். ஐம்பது தாண்டியும் திருந்தவில்லை. இருபத்தைந்து வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதில்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போட்டோவில் மட்டும் பார்த்த ஒரு மனிதரைக் கல்யாணம் செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கினேன். ஓ.எல். வரைக்கும்தான் படிப்பு. ஆங்கிலத்தில் 'தேங்க்யூ' மட்டும் துணிந்து சொல்வேன். கல்யாணம் முடிந்து ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், இவர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, முன்னால் நின்று கையைப் பிசைந்தார்.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். நீர் பயப்பிடக்கூடாது."

நான் தலையை ஆட்டினேன்.

"உமக்கு முதலே இந்த வீட்டில ரெண்டு பேர் இருக்கினம்."

(ரெண்டு பேர்! ஒருத்தி என்றாலாவது அழுதிருப்பேன். இரண்டு என்றதும் அழுகைகூட வரவில்லை.)

"இப்ப எட்டுப் பிள்ளையளும் பிறந்திட்டுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மேல்மாடிப் பின்னறையைத் திறந்து காட்டியபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு பாம்புகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து எனக்கு வந்தது பயமல்ல, நிம்மதி. பாம்புதானே!

கோர்ன் ஸ்னேக் என்று பெயராம். விஷம் இல்லை. இவர் ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் தனியாக இருந்த நாட்களில், பிஸ்கட் கிடங்கில் கூட வேலை செய்த டெரி என்ற வெள்ளைக்காரர் கொடுத்த சோடி அது. அந்த அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் நாய், பூனை எதற்கும் விடமாட்டாராம். பாம்பு குரைக்காது, கத்தாது. "வேலையால வந்தால் வீட்டில ஒரு உயிர் இருக்கெண்டு ஒரு நினைப்பு" என்று இவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். இவரும் என்னைப் போலவே ஒரு கூச்சக்காரர் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

எட்டுக் குட்டிகளில் ஐந்து சாப்பிட்டன. மூன்று வாயைத் திறக்க மறுத்துவிட்டன. ஒவ்வொன்றும் பென்சில் தடிப்பு. அவற்றின் சாப்பாடு, அப்போதுதான் பிறந்த, மயிர்கூட முளைக்காத எலிக்குஞ்சு. கடையில் உறையவைத்து விற்பார்கள். அதை எங்கள் பிரீசரில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, மூடியில் 'இது ஐஸ்கிரீம் அல்ல' என்று இவர் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்.

நான் முதலில் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். இவர் வேலைக்குப் போன பிறகு, நாகதம்பிரானை நினைத்துக்கொண்டு, ஒரு மூடியில் பாலும் பக்கத்தில் ஒரு முட்டையும் வைத்தேன். முட்டை குட்டியின் தலையைவிட இருபது மடங்கு பெரிது. பின்னேரம் இவர் வந்து பார்த்தபோது குட்டி பாலுக்குள் குளித்துவிட்டு, முட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"பாம்பு பால் குடியாது" என்றார் மெதுவாக.

"அப்ப எங்கட கோயில்ல வைக்கிற பால்?"

"அது பூனை குடிச்சிருக்கும்."

இருபத்தைந்து வருட நம்பிக்கை. ஒரு வசனத்தில் போய்விட்டது.

ஆனால் இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடுவார். ஒரு இடுக்கியில் எலிக்குஞ்சைப் பிடித்துக் குட்டியின் மூக்குக்கு முன்னால் ஆட்டுவார். டோர்ச் அடித்துப் பார்ப்பார். "சாப்பிடு ராசா, கொஞ்சமாச் சாப்பிடு" என்று கெஞ்சுவார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளுக்கு நாள் மெலிந்து, முதுகெலும்பு நூல் போலத் தெரியத் தொடங்கியது. இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம், அதற்கு மேல் தாங்காது என்று டெரி சொல்லிவிட்டார். எலி மணம் பிடிக்காவிட்டால் பல்லியில் உரசிக் கொடுத்தால் சாப்பிடும் என்றும் சொன்னாராம். ஊரில் எங்கள் குசினிச் சுவரில் மட்டும் ஒரு டசின் பல்லி. ஈஸ்ட் ஹாமில் பல்லிக்கு எங்கே போவது?

இதற்கிடையில் அந்த வீட்டில் சாப்பிடாத நாலாவது ஆளும் ஒன்று இருந்தது. அது நான்.

பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. இவர் முன்னால் என்னால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். சமைத்து, பரிமாறி, "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொல்லிவிடுவேன். இவர் வேலைக்குப் போனதும் குசினியில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போடுவேன். இவர் என்னையும் குட்டியைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருப்பார். (டோர்ச் மட்டும்தான் அடிக்கவில்லை.) கடைசியில் பயந்துபோய் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தார். நான் படியில் நின்று கேட்டேன்.

"அக்கா, அவ ஒண்டும் சாப்பிடுறாவில்லை. என்னைப் பிடிக்கேல்லையோ தெரியேல்லை."

அக்கா என்றால் எனக்கு மச்சாள். இவரை வளர்த்து, லண்டனுக்கு எடுத்து, எனக்கும் கல்யாணம் பேசியவர். குரல் எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பாம்புச் சங்கதி அவருக்குத் தெரியாது. அந்தப் பின்னறை, சாமான் போடும் அறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை வாறன். பிடிக்கேல்லையெண்டால் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்" என்றாராம்.

ஞாயிறு காலையில் இவர் மச்சாளைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நான் சமைத்துவிட்டு, அழுவதற்கு நேரம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. யாராவது எனக்கு முன்னால் குந்தியிருந்து, இடுக்கியில் சோற்றை ஆட்டி, சாப்பிடு சாப்பிடு என்றால் நான் சாப்பிடுவேனா? அந்தக் குட்டிகளுக்கு வருத்தமில்லை. வெட்கம்!

இன்னுமொன்றும் நினைவுக்கு வந்தது. ஊரில் காய்ச்சல் வந்து வாய் கைத்துப்போய்ச் சாப்பிட மறுத்தால், அம்மா கோழிச் சாறு வைப்பார். பல்லி இல்லாவிட்டால் கோழி இருக்கிறதே.

கறிக்கு எடுத்த கோழியின் கழுத்து எலும்பைப் போட்டு, உப்பு, மிளகு எதுவும் இல்லாமல் ஒரு சின்னச் சட்டியில் சாறு வைத்தேன். ஆறியதும் மூன்று எலிக்குஞ்சுகளை எடுத்து அதில் நன்றாகத் தோய்த்தேன். மூன்று மாஜரின் பெட்டிகளின் மூடியில் ஊசியால் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டியையும் ஒரு குஞ்சையும் வைத்து மூடினேன். குளியலறைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியில், துவாய்களுக்கு நடுவில் பெட்டிகளை வைத்துக் கதவைச் சாத்தினேன். சூடு, இருட்டு, பார்க்க யாருமில்லை. எனக்கே அதற்குள் போய் இருந்து சாப்பிட ஆசையாக இருந்தது.

சட்டியைக் கழுவுவோம் என்று கீழே வந்தேன். வாசல் கதவு திறந்தது.

"எங்க பொம்பிளை?" என்று கேட்டுக்கொண்டே மச்சாள் நேரே குசினிக்குள் வந்தார். மூக்கு சிவந்திருந்தது. தடிமன். வந்ததும் சட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கோழிச் சாறோ! எனக்குத் தடிமன் எண்டு இவன் சொன்னவனோ?"

"இல்லை மச்சாள்... அது..."

"என்ன அது?"

அந்த இடத்தில் ஒரு மனுஷி வாயைத் திறந்து நாலு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மச்சாள் அடுப்பை மூட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து (அந்த ஒரு புண்ணியத்துக்காகவே அவரை இன்றும் கும்பிடலாம்), ஒரு கோப்பை நிறைய ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார். அடைத்த மூக்குத் திறந்துவிட்டது என்றார். இரண்டாவது கோப்பையை வார்த்து இவரிடம் நீட்டினார்.

"நீயும் குடி. பெஞ்சாதி ஆசையா வச்சிருக்கிறாள்."

இவர் கோப்பையைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் நான் மறந்து வைத்திருந்த இடுக்கியைப் பார்த்தார். திறந்து கிடந்த 'இது ஐஸ்கிரீம் அல்ல' பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கண் நிறைந்திருந்தது.

ஒரே மூச்சில் குடித்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

எத்தனையோ கணவன்மார் மனைவிக்குச் சங்கிலி வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது போதும்.

மச்சாள் முகம் கழுவ மேலே போனார். துவாய்க்கு அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஓடினேன்.

"ஆ! பிடிச்சிட்டன்!" மச்சாளின் கையில் மாஜரின் பெட்டி. "இவள் சாப்பிடாமல் இல்லையடா தம்பி! துவாய்க்குள்ள ஒளிச்சு வச்சு, ஒருத்தருக்கும் தெரியாமல் சாப்பிடுறாள்!"

மூடியைத் திறந்தார்.

உள்ளே என் கூச்சக்காரக் குட்டி, தன் தலையைவிடப் பெரிய ரோஸ் நிறக் குஞ்சைப் பாதி விழுங்கியிருந்தது. சின்னப் பின்னங்கால்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது சட்டென்று அசையாமல் நின்றது. இப்போது துப்பிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. துப்பினால் இனி ஒருநாளும் தொடாது.

"மூடுங்கோ மச்சாள்! பாத்தாச் சாப்பிடாது!"

லண்டனுக்கு வந்து நான் முதன்முதலாகப் போட்ட சத்தம் அதுதான். பக்கத்து வீட்டில் வக்யூம் கிளீனரை நிறுத்திவிட்டார்கள்.

மச்சாள் படக்கென்று மூடினார். அவருடைய வாழ்க்கையில் அவர் இன்னொருவர் சொல்லுக் கேட்டது அன்றைக்குத்தான் என்று இவர் சொல்வார். பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மிக மெதுவான குரலில் கேட்டார்.

"என்னது?"

"பாம்பு."

"என்ன சாப்பிடுது?"

"எலிக்குஞ்சு."

"பிள்ளை... எலிக்குஞ்சில ஏன் கோழி மணக்குது?"

மச்சாள் கீழே குசினிப் பக்கம் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுதான் உப்பில்லை" என்றார்.

இவர் படியேறி வந்தார். "அக்கா, நான் எல்லாம் விளங்கப்படுத்துறன்."

"நீ வாயை மூடு. அது விழுங்கிட்டுதோ இல்லையோ?"

"திறந்து பாக்கட்டே?"

"திறவாதையடா! பாத்தாச் சாப்பிடாதாம்!"

நாங்கள் மூன்று பேரும் அந்தப் படியில், ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் குந்தியிருந்தோம். மச்சாள் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அந்த நேரத்தில் நானும் இவரும் கண்டபடி பேசினோம். குட்டி எப்போது முட்டையை விட்டு வெளியே வந்தது, பாலில் குளித்த கதை, தனியறை, டெரி. கல்யாணமான மூன்று கிழமையில் பேசாததை எல்லாம் அந்தக் கால் மணித்தியாலத்தில் பேசியிருப்போம். மச்சாள் நடுவில் நடுவில் "சத்தம் போடாதையுங்கோ, அது சாப்பிடட்டும்" என்றார்.

திறந்தபோது குஞ்சைக் காணவில்லை. குட்டியின் நடு உடம்பில் ஒரு கட்டி. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. மூன்றாவது மட்டும் குஞ்சின் மேல் ஏறிச் சுருண்டு படுத்திருந்தது. (அது வியாழக்கிழமைதான் மனம் மாறியது. அந்தக் கிழமை முழுக்க நாங்கள் கோழிதான் சாப்பிட்டோம்.)

மத்தியானம் மச்சாள் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு தட்டால் மூடிக் குசினி மேசையில் வைத்தார். இவரைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. நீ ஆறுதலாச் சாப்பிடு" என்று கதவைச் சாத்தினார்.

நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை சாப்பிட மறுத்தாலும், எந்தப் புது மாப்பிள்ளை மேசையில் நெளிந்தாலும், யாராவது ஒருவர் "மூடுங்கோ, பாத்தாச் சாப்பிடாது" என்பார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன்.

மச்சாளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது, வாயோரத்தில் சிந்துகிறது. அதனால் மகன்மார் பார்க்கச் சாப்பிட மாட்டாராம். அவர்கள் கெஞ்சுகிறார்கள். நான் கிழமைக்கு இரண்டு நாள் பிளாஸ்கில் கோழிச் சாறு கொண்டு ஸ்ட்ரெதத்துக்குப் போகிறேன். கோப்பையில் ஊற்றி, ஒரு தட்டால் மூடி, அவர் கைக்கு எட்ட வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஹை ரோட்டில் போகும் பஸ்களை எண்ணுவேன். நாலாவது, ஐந்தாவது பஸ் போகும்போது, பின்னால் தட்டு மெதுவாக விலகும் சத்தம் கேட்கும்.

"இண்டைக்கு இதுக்குள்ள என்ன தோய்ச்சனீ?"

"ஒண்டுமில்லை மச்சாள்."

"அதுதான் ருசி காணாது" என்பார். திரும்பிப் பார்க்கையில் கோப்பை காலியாக இருக்கும்.