பூமியைத் தலைகீழாகப் பிடித்த டீச்சர்

பூமி சுற்றும் திசைக்காகத் தங்கள் பிழைப்பையே பணயம் வைத்தவர்கள் உலகத்தில் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவர் எங்கள் மெதுவா டீச்சர். இன்னொருவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை.

முப்பதுகளின் கடைசி. கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மண்டியின் பின்கூடத்தில் மாண்டிசோரி வகுப்பு நடந்தது. ஊர் அதை 'மண்டிச்சோறு பள்ளிக்கூடம்' என்றது. மத்தியானம் சோறு போடுவார்கள் என்று நம்பிப் பிள்ளையைச் சேர்த்தவர்கள் உண்டு. டீச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். மதராசுக்குப் போய்ப் படித்து வந்தவர். குழந்தைகள் எதையும் மெதுவாகச் செய்ய வேண்டும், வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். குரலைப் பற்றி மட்டும் அங்கே யாரும் அவரிடம் பேசவில்லை போலிருக்கிறது. அவர் "மெதுவா!" என்றால், மண்டியின் முன்பக்கத்தில் பொதி தூக்குகிறவர்கள் பொதியை இறக்கி வைத்துவிட்டு, பிறகு மெதுவாகத் தூக்குவார்கள்.

அந்த வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடுவதற்கு ஒரு முறை இருந்தது. நடுவில் ஒரு குத்துவிளக்கு. அதுதான் சூரியன். பிறந்தநாள் குழந்தை பூமியைக் கையில் ஏந்தி, எத்தனை வயதோ அத்தனை முறை விளக்கைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும், அந்த வருஷம் நடந்ததை வீட்டிலிருந்து வந்தவர் சொல்ல வேண்டும். பூமி உருண்டை வாங்க வசதியில்லை. டீச்சர் ஒரு முற்றின தேங்காய்க்கு நீலம் பூசி, தேசங்களைப் பச்சையில் வரைந்திருந்தார். மூன்று கண் இருக்கும் பக்கம் வடதுருவம். உள்ளே பருப்பு காய்ந்து கழன்று போயிருந்ததால் நடக்கும்போது லொடக் லொடக்கென்று ஆடும். பூமிக்குள் கொப்பரை இருக்கிறது என்றுதான் நாங்கள் கற்றோம்.

என் ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. அம்மா என் தம்பியைப் பெற்றெடுக்கக் காங்கேயத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எனவே என் வரலாற்றைச் சொல்ல அப்பாவின் அக்கா, என் அத்தை வந்தார். மற்ற பிள்ளைகளின் வீட்டாரும் வந்திருந்தார்கள். நான் தேங்காயுடன் புறப்பட்டேன்.

"இவ பொறந்த வருசம் நம்ம செவலை மாடு கிடாரிக்கன்னு போட்டுதுங்க" என்று அத்தை ஆரம்பித்தார். "ரெண்டாம் வருசம் அந்தக் கன்னுக்குக் கழிச்சலுங்க. பொழைக்காதுன்னே நெனைச்சோம். மூணாம் வருசம்..."

கன்று என்ன ஆயிற்றென்று கூடமே காத்திருந்தது. அத்தையோ என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, புள்ளை எடப்பக்கமாச் சுத்துதுங்களே?"

"பூமி அப்படித்தானுங்கக்கா சுத்துது."

"எடப்பக்கமாச் சுத்தறது எழவு ஊட்லதானுங்க!"

அதோடு என் வயது மூன்றில் நின்றது. அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனைப் பிள்ளையாரை வலமாகச் சுற்ற வைத்து, இடமாகச் சுற்றியதை வட்டியோடு கழித்தார். தேங்காய் என் கையிலேயே இருந்தது. அதைப் பிள்ளையாருக்கு உடைக்கலாமா என்று யோசித்து, நீலத் தேங்காயைச் சாமி ஏற்குமோ என்னவோ என்று வீட்டுக்கே கொண்டுவந்தார்.

மறுநாள் வகுப்புக்கு வந்தவர் ஒரே ஒருவர். டீச்சர். வாரம் முழுதும் அப்படியே போனது. கூடம் காலியாகவே கிடந்தால் பொதி அடுக்கிக்கொள்வதாக மண்டிக்காரர் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குச் சண்டை பிடிக்காது. வழியில் டீச்சரைப் பார்த்து, "வலப்பக்கமாவே சுத்த உட்டுப்போடுங்க டீச்சரம்மா. பூமி கோவிச்சுக்காதுங்க" என்றார்.

"பூமி கோவிச்சுக்காதுங்க. பொய் சொல்லிக் குடுத்தா, இந்தப் புள்ளைங்க பின்னாடி படிச்சுப்போட்டு வந்து கோவிச்சுக்கும்" என்றார் டீச்சர்.

ஆனாலும் மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேங்காயை வாங்கிப்போக வந்தாராம். அத்தை மோர் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மோர் கொடுத்த பிறகுதான் சண்டை.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?" என்றார் அத்தை.

"இருக்குதுங்கக்கா" என்றார் டீச்சர். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"பூமி எடப்பக்கமாச் சுத்தறதை ஆருங்க பார்த்தா?"

"வடக்கே மேல நின்னு பார்த்தாத் தெரியுமுங்க."

"வடக்கே நமக்கு ஆருங்க இருக்கறாங்க? தெக்கே நின்னு பார்க்கறது!"

அத்தை எரிச்சலில் சொன்னதுதான். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். மோர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "கயித்துக் கட்டில் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கட்டில் வந்தது. செம்பை அதன் நடுவில் வைத்தார். செம்பு சூரியன். என்னைக் கட்டில்மேல் ஏற்றித் தேங்காயைக் கொடுத்தார். "கட்டிலுக்கு மேல வடக்கு, கீழ தெக்கு. கண்ணு, எடப்பக்கமாவே சுத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனார். டீச்சர் நல்ல ஆகிருதி. ஒரே நகர்வில் போய்விடவில்லை.

நான் கயிற்றில் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றினேன்.

"வலம்!" என்று அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொழுவத்தில் மாடு எழுந்து நின்றது. "அக்கா, இங்கிருந்து பார்த்தா வலமுங்க!"

"நான் நம்ப மாட்டனுங்க" என்றார் அத்தை. முந்தானையைச் செருகிக்கொண்டு அவரும் அடியில் போனார்.

அந்த நேரத்தில் அப்பா வந்தார். கட்டில்மேல் நீலத் தேங்காயோடு மகள். கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு கால்கள். அப்பா அப்போதுதான் மாட்டிய குடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அட, ஆமாங்க. அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா?" என்றது அத்தையின் குரல்.

"ஒண்ணுதானுங்கக்கா. நாம நிக்கற எடந்தான் வேற."

வெளியே வந்ததும் உடன்படிக்கை ஆயிற்று. இனிக் குழந்தைகள் வலமாகவே சுற்றலாம். டீச்சருக்கு ஒரே ஒரு நிபந்தனை. தெற்கிலிருந்து பார்ப்பதாக இருந்தால் தென்துருவம் மேலே இருக்க வேண்டும். தேங்காயைக் கண் கீழே பார்க்கத் தலைகீழாகத்தான் பிடிக்க வேண்டும். "எப்படியோ பிடிச்சுக்கட்டுமுங்க" என்று அத்தை ஒப்புக்கொண்டார். அன்றைக்கே வீடு வீடாகப் போய், பூமியைத் தாம் நேரில் பார்த்துவிட்டதாகச் சொல்லிப் பிள்ளைகளைத் திரும்ப வரவைத்தவரும் அவரே. எனக்கு முதலிலிருந்து ஐந்து சுற்று நடந்தது. கன்று பிழைத்து, வளர்ந்து, சந்தையில் பரிசு வாங்கிய கதை முழுதும் சொல்லப்பட்டது.

இதனால் எங்கள் வகுப்பே இலங்கை நம் தலைக்கு மேல் இருக்கிறது என்று நம்பி வளர்ந்தது. பிறகு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று, தேசப்படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கினேன்.

அங்கே என் ஆறாவது பிறந்தநாள் வந்தது. யாரும் விளக்கேற்றவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. சாயங்காலம் நானாகவே மண்டிக்குப் போனேன். டீச்சர் ஒரு வார்த்தை கேட்காமல் விளக்கை ஏற்றித் தேங்காயைக் கையில் கொடுத்தார். வீட்டிலிருந்து யாரும் வரவில்லையே, கதையை யார் சொல்வது? அவரே சொன்னார். முதல் ஐந்து வருஷத்தையும் கன்று உட்பட அத்தை சொன்னபடியே சொன்னார். ஆறாவது சுற்றில் என்னைப் பார்த்தார்.

"ஆறாம் வருசம் அம்மணிக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துதுங்க. அதுக்கப்புறம் சிரிச்சா இன்னும் அழகா இருக்குதுங்க."

வீட்டில் எல்லோரும் பல் விழுந்ததை மட்டுந்தான் பார்த்திருந்தார்கள்.