ஊராத ஊர்வன

முப்பது கோடி ஆண்டுகளாக இயற்கையால் முடியாத ஒரு காரியத்தை, ஊர்வனப் பூங்காவின் இயக்குநர் ஒரே காலைக் கூட்டத்தில், தேநீர் ஆறுவதற்குள் செய்து முடித்தார். பாம்பு, பல்லி, ஆமை, முதலை என்னும் சோம்பேறிக் குலங்கள் அனைத்தையும் அவர் 'சீர்திருத்தினார்'. வரலாறு அவரை மறக்காது. மறந்தாலும் நினைவூட்டல் அனுப்பி விளக்கம் கேட்கக்கூடியவர் அவர்.

இயக்குநர் அதற்கு முன் குடிநீர்க் குழாய்த் துறையில் இருந்தார். குழாயும் நீளம், பாம்பும் நீளம் என்பதால் மாற்றல் பொருத்தமானதே என்று மேலிடம் கருதியிருக்க வேண்டும். பொறுப்பேற்ற அன்றே பூங்காவைச் சுற்றிப் பார்த்தார். மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. ஆமை ஓட்டுக்குள் இருந்தது. மூன்றாம் குளத்தங்கரையில், ஒரு மண்மேட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, பெண் முதலை ஒன்று கட்டை மாதிரிக் கிடந்தது. இயக்குநர் வெகுநேரம் அதன் எதிரே நின்றார். அது இமைகூட அசைக்கவில்லை. அவர் மனம் புண்பட்டது. அவர் போய் நின்றால் வறண்டுபோன குழாயிலும் தண்ணீர் வந்த காலம் உண்டு.

"டாக்டர், இது என்ன?" என்றார், கூட வந்த விலங்கு மருத்துவரிடம்.

"முதலை சார். நாங்க 'அத்தை'ன்னு கூப்பிடுவோம்."

"எந்த வகை?"

"ஊர்வன வகை."

"பேரே ஊர்வன. அப்புறம் ஊராம இருந்தா எப்படிம்மா?"

மருத்துவர் ஏழு வருடம் படித்தவர். படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. "வெயில் காயுது சார்" என்றார் பொறுமையாக. "நம்மள மாதிரி உடம்புக்குள்ளயே சூடு பண்ணிக்க அதுக்கு வராது. வெயில்ல கிடந்து ஏத்திக்கும், அதிகமாச்சுன்னா தண்ணியில இறங்கிடும். அதனாலதான் கொஞ்சம் சாப்பிட்டாலே அதுக்குப் போதும்."

"அப்போ வேலை நேரத்துல வெயில் காயுதுன்னு ஒத்துக்கறீங்க."

அத்தையைப் பல காலமாகப் பராமரித்து வருபவர் பக்கத்தில் நின்றார். அத்தையைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதாலேயே ஊழியர்கள் அவரை 'மாமா' என்று அழைத்தார்கள். "சார், கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க" என்றார் மாமா. "மேட்டுக்குள்ள முட்டை இருக்கு. அத்தை காவலுக்கு உக்காந்திருக்கு. சாப்பாடுகூட சரியா எடுக்கறதில்ல."

"உண்ணாவிரதம் வேறயா?" என்றார் இயக்குநர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவர் சோபாவில் சாய்ந்தார். அரசு ஊழியத்தில் நிலவும் மந்தத்தைப் பற்றி மனைவியிடம் மனம் நொந்து பேசினார். மனைவி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து ஒரே இடத்துல கிடக்குது. அசையவே மாட்டேங்குது. நினைச்சுப் பாரேன்!"

"நினைச்சுப் பார்க்க வேணாங்க, தெரியுது" என்றார் மனைவி. "காலை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. கீழ குப்பை இருக்கு."

இயக்குநர் காலைத் தூக்கினார். தூக்கிய காலில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. மறுநாளே 'மாற்ற ஆலோசகர்' ஒருவரை வரவழைத்தார்.

ஆலோசகர் இளைஞர். சட்டைக் கழுத்து கழுத்தைவிட ஓர் அளவு சிறியது. கூட்ட அறையில் எல்லாரும் அமர்ந்ததும் திரையில் ஒரு பிரம்மாண்டமான டைனோசரைக் காட்டினார். அதன் கீழே 'மாறாதவன் மறைவான்' என்று எழுதியிருந்தது. இயக்குநருக்கு மெய் சிலிர்த்தது.

"இவங்க ஏன் காணாமப் போனாங்க? யாராவது சொல்ல முடியுமா?"

"விண்கல் விழுந்துச்சு" என்றார் மருத்துவர்.

"அது சாக்கு" என்றார் ஆலோசகர். "மாறலை. அதான் காரணம்."

"அவசரக் குழு ஒண்ணு அமைச்சிருந்தா சமாளிச்சிருக்கலாம்" என்றார் இயக்குநர் வருத்தத்துடன்.

"மாறலைன்னு யாரு சொன்னது?" என்றார் மருத்துவர். "ஒரு கிளை பறவையா மாறி இன்னும் நல்லாத்தான் இருக்கு. அதோ, ஜன்னல்ல உக்காந்திருக்கே புறா, அது டைனோசர் வம்சம்தான். முதலைக்கும் நெருங்கின சொந்தம் பல்லி இல்ல சார், பறவைதான்."

இயக்குநர் புறாவை உற்றுப் பார்த்தார். புறாவும் பார்த்தது.

"அதுக்கு உள்ள வர யார் அனுமதி கொடுத்தது?"

மருத்துவர் ஆலோசகர் பக்கம் திரும்பினார். "டைனோசருங்க பதினாறு கோடி வருஷத்துக்கு மேல ஆண்டுச்சுங்க. உங்க நிறுவனம் ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சு தம்பி?"

"அடுத்த மாசம் வந்தா ரெண்டு வருஷம் மேடம்" என்றார் ஆலோசகர், பெருமையில் கழுத்துப் பட்டன் தெறிக்க. பிறகு அடுத்த படத்தைக் காட்டினார்: 'முதலைக் காப்பதே நிர்வாகத்தின் முதற்கடமை.'

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி நாற்காலியில் இருந்த மாமா கைதட்டியே விட்டார். "இதத்தான் தம்பி நானும் சொல்றேன். அத்தையைக் காப்பாத்தியே ஆகணும்!"

"எந்த அத்தை?" என்றார் ஆலோசகர் குழம்பிப்போய். "நான் போட்ட முதலைப் பத்திப் பேசறேன். மூலதனம்."

அந்த வாரமே செயல்திறன் மதிப்பீடு தொடங்கியது. ஒவ்வொரு பிராணிக்கும் எதிரே ஒருவர் கடிகாரத்துடன் நின்று அசைவுகளை எண்ணினார். முடிவுகள் நெஞ்சை நிமிர்த்தக்கூடியவை. பச்சோந்தி 'மாற்றத்துக்கு ஆயத்தம்' என்ற பிரிவில் முழு மதிப்பெண் வாங்கியது. பாராட்டுப் பலகையில் அதன் புகைப்படத்தை ஒட்டினார்கள். புகைப்படத்தில் அது எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. அரணை, மதிப்பீட்டாளர் பிடிக்கப் போனபோது வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடியது. 'தானாக முன்வந்து சிக்கனம்' என்று அதற்குச் சிறப்புக் குறிப்பு. நல்ல பாம்பு சட்டை உரித்தது 'மறுவடிவமைப்பு' ஆயிற்று. ஒட்டுமொத்த முதலிடம், கூட்ட அறைச் சுவரில் டியூப்லைட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிய பல்லிக்கு. அது பூங்காவுக்குச் சொந்தமானதே அல்ல. வேலையில் இல்லாதவர்தான் வேலை செய்கிறார் என்பதை இயக்குநர் நெகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்.

அத்தைக்குப் பூஜ்யம்.

"அத்தையை அனுப்பிடலாம்" என்றார் இயக்குநர். "அந்த இடத்துல இயந்திர முதலை வைக்கலாம். நிமிஷத்துக்கு இருபது தடவை வாயைத் திறந்து மூடும். தீனி வேணாம், தண்ணி வேணாம், வெயில் காயாது. ஸ்விட்ச் போட ஒரு ஆள் போதும். அந்த ஆளும் நாலு மணிக்கு மேல வேணாம்."

"அப்போ நாங்க?" என்றார் மாமா.

"ஆட்குறைப்பு" என்றார் இயக்குநர். அந்தச் சொல்லை அவர் மிக மென்மையாக, மழலைக்குச் சோறூட்டுவதுபோலச் சொன்னார். பராமரிப்பாளர்கள் பதினோரு பேர் அந்த ஒரு சொல்லில் வெளியே போனார்கள்.

மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், அவங்களுக்கு என்ன வழி? அந்த மேட்டுக்கு என்ன வழி? முட்டைக்குள்ள இருக்கறது ஆணா பெண்ணாங்கறதையே மண்ணோட சூடுதான் முடிவு பண்ணுது. இப்போ கலைச்சா எல்லாம் போச்சு!"

"முடிவு பண்றது மண்ணா?" இயக்குநருக்கு முகம் சிவந்தது. "என் கையெழுத்து இல்லாமலா?"

அழுது பிரயோஜனமில்லை என்று மருத்துவருக்குப் புரிந்தது. தாழ்வாரத்தில் ஆலோசகரை மடக்கினார். "தம்பி, புதுசு எவ்ளோ ஒசத்தின்னு காட்டணும்னா பழசு பக்கத்துல இருக்க வேணாமா?"

ஆலோசகருக்குக் கண் பளபளத்தது. "ஒப்பீடு! ஆமா, ஒப்பீடு இல்லாம எப்படி?"

திறப்பு விழா முடியும்வரை அத்தை இருக்கட்டும், மேடும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முட்டைகளுக்கு அவ்வளவு அவகாசம் போதுமா என்று மருத்துவர் தினமும் மேட்டருகே போய்க் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே சத்தமில்லை.

விழாவுக்குத் துறைச் செயலாளர் வந்தார். நாற்காலிகள் குளத்தங்கரையில் வரிசையாகப் போடப்பட்டன. இடையில் இருந்த கம்பி வேலி புகைப்படத்தில் விழுந்து கெடுக்கும் என்று இயக்குநர் அதை முதல் நாளே எடுக்கச் சொல்லியிருந்தார். மருத்துவர் வேண்டாம் என்றார். "அதுதான் அசையவே அசையாதேம்மா!" என்றார் இயக்குநர். வெயில் ஏறவே அத்தை சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி மறைந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் இயந்திர முதலை பச்சைச் சாயம் மினுங்க வாயைத் திறந்து திறந்து மூடியது. கூட்டம் கைதட்டியது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மேடம் அவர்களே! ஊர்வன என்றால் ஊர வேண்டும்!"

அப்போது எங்கிருந்தோ 'க்வீக், க்வீக்' என்று சத்தம் வந்தது.

"யாரோட போன் அது?" என்றார் செயலாளர்.

முன்வரிசை முழுக்கப் பைகளில் கைவிட்டுத் தடவியது. ஆலோசகர் தன் இரண்டு போன்களையும் அணைத்தார். க்வீக், க்வீக், க்வீக். மருத்துவர் மட்டும் மேட்டைப் பார்த்தார். "ஐயோ, பொரிச்சிடுச்சு!" என்று கத்தினார். "அம்மாவைக் கூப்பிடுதுங்க! எல்லாரும் எழுந்திரிங்க!"

எழுந்திருக்க நேரமில்லை. குளம் பிளந்தது. அத்தை நான்கு கால்களையும் நிமிர்த்தி, வயிறு தரையில் படாமல், முன்வரிசைக்கு நடுவே ஓடி வந்தது. அடுத்த நொடி அந்தப் பூங்காவில் ஊராதது எதுவுமில்லை. நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்தார்கள். மேசைக்கு அடியில் ஊர்ந்தார்கள். ஆலோசகர் ஒலிபெருக்கிக் கம்பத்தில் பல்லிபோல் ஏறினார். துறையின் வரலாற்றிலேயே அசைவு எண்ணிக்கை அவ்வளவு உயர்ந்ததில்லை. எண்ணுவதற்குத்தான் ஆள் நிற்கவில்லை.

இயக்குநர் உயரமான இடம் தேடினார். கிடைத்தது இயந்திர முதலையின் முதுகு. தாவி உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் அவர் கோட்டின் நுனி அதன் வாய்க்குள் போனது. இயந்திரம் நிமிடத்துக்கு இருபது தடவை என்ற தன் கடமையிலிருந்து வழுவவில்லை. கோட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக, இயக்குநர் கொஞ்சம் கொஞ்சமாக வாயை நெருங்கினார்.

"ஸ்விட்ச்! ஸ்விட்ச் போடற ஆள் எங்க?"

"சிக்கனத்துல அவரையும் நீக்கிட்டோம் சார்" என்றது கம்பத்து உச்சியிலிருந்து ஒரு குரல்.

அத்தையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொதுமக்கள் கூட்டத்தோடு வந்திருந்த மாமா, வேகமாக நடந்து போய் மின்கம்பியைப் பிடுங்கினார். வாய் நின்றது. இயக்குநர் அரைக் கோட்டுடன் மூச்சு வாங்கினார். காப்பாற்றியவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நுழைவுச் சீட்டு வாங்கினீங்களா?"

அதற்குள் அத்தை மேட்டைத் தோண்டிவிட்டது. சாண் நீளத்தில் குஞ்சுகள் நெளிந்துகொண்டு வந்தன. அத்தை அவற்றைக் கவ்விக் கவ்வி வாய்க்குள் போட்டது.

"தின்னுது! பெத்த பிள்ளையையே தின்னுது!" என்று அலறினார் செயலாளர், கவிழ்ந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

"இல்ல மேடம்" என்றார் மருத்துவர். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தூக்கிட்டுப் போகுது. பாருங்க."

அத்தை மெல்லத் தண்ணீரில் இறங்கியது. வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் அலசியது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக நீந்தி வெளியே வந்தன. திரும்பக் கரையேறியது. மறுபடியும் சுமந்தது. செயலாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதைக் கண்ட இயக்குநரும் உடனே கண்களைத் துடைத்துக்கொண்டார். அது எந்த வகைக் கண்ணீர் என்பதை அந்த இடத்தில் சொல்வது முதலைக்கு மரியாதையாகாது.

"மேடம்" என்றார் தழுதழுத்த குரலில், "இதுதான் எங்கள் செயல்திறன் திட்டத்தின் பலன். போன மாதம் பூஜ்யம். இன்று பாருங்கள், ஓடுகிறது!"

செயலாளர் அவர் கையைக் குலுக்கினார். பறவைகளும் பரிணாமப்படி ஊர்வனவற்றின் கிளையே என்று இயக்குநர் அங்கேயே எடுத்துரைத்ததில், பக்கத்துப் பறவைப் பூங்காவும் அவர் பொறுப்புக்கு வந்தது. பதவி ஒரு படி உயர்ந்தது. அத்தையை அனுப்பும் யோசனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அத்தை வெயில் மட்டுமே காய்ந்தது. அத்தையின் அடுப்பில் குளிர்காய்ந்தவர் அவர்.

மறுவாரம் மருத்துவர் அவர் அறைக்குப் போனார். "சார், மாமாவையும் மத்தவங்களையும் திரும்ப எடுத்துக்கலாமே. அத்தைதான் இங்கயே இருக்கப் போகுதே."

"எதுக்கு டாக்டர்? ஆளைக் குறைச்ச பிறகுதானே அது வேலையே செய்ய ஆரம்பிச்சிருக்கு!"

மருத்துவர் குளத்துக்குப் போய்விட்டார். அங்கே அத்தை தண்ணீரில் மிதந்தது. குஞ்சுகள் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

நாம் இயக்குநரின் புகழைச் சொல்லி முடிப்பதே முறை. அத்தையின் வாயில் அறுபதுக்கும் மேற்பட்ட கூரிய பற்கள். அந்த வாய்க்குள் போன குஞ்சுகள் அத்தனையும் உயிரோடு வெளியே வந்தன. இயக்குநரின் வாயில் இருப்பதோ பெரும்பாலும் கட்டிய பல். அந்த வாயிலிருந்து மென்மையாக ஒரு சொல் வெளியே வந்தது. பதினோரு குடும்பங்கள் அந்த வாய்க்குள் போய்விட்டன.