கரெண்ட் பாய்ந்த கச்சேரி

பிள்ளைகள் மேடையேறினால் பெற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். நான் மேடையேறினேன், அதுவும் கையில் கழியோடு.

என் மகள் தேவி திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது மூன்று பையன்களோடு ராக் பேண்ட் ஆரம்பித்தாள். முதலில் இங்கிலீஷில் கத்தினார்கள். அடுத்த வருஷம் தெலுங்கில் கத்தினார்கள். (எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.) பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும், ஒரு பேண்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "இந்தப் போட்டில ஜெயிக்கலன்னா கிடாரத் தொடமாட்டேன்மா, வேலையப் பாத்துக்கினு கெடக்கறேன்" என்றாள். தோற்கட்டும் சாமி என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

கடைசிப் பாட்டில் தேவி திடீரென்று மல்லாந்து விழுந்தாள். கிடாரைப் பிடித்த கை உதறியது, கால்கள் வெட்டி இழுத்தன, ஸ்பீக்கர் வீலென்று அலறியது. எங்கள் ஊர் குடிபாலாவில் கிணற்று மோட்டாரில் என் அண்ணன் ஒட்டிக்கொண்டு துடித்தது இப்படித்தான். கையால் தொடக் கூடாது, காய்ந்த கழியால் தட்டிவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தோரணம் கட்டிய மூங்கிலைப் பிடுங்கினேன். மேடையேறி கிடார் மேல் ஒரே போடு போட்டேன். ஒயர்களையும் வாரி இழுத்தேன்.

பாடுகிற மைக் மட்டும் உயிரோடு இருந்தது. அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னாமா பண்ற?"

"கரெண்ட் அடிச்சிடுச்சேடி."

"பாட்டுமா அது. நான் நல்லாத்தான் கீறேன்."

"நல்லா கீறவ ஏன்டி உழுந்து ஒதறிக்கினு கெடக்கற?"

மண்டபம் குலுங்கியது. டிரம்ஸ் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகத் தாளம் தட்டினான். தேவி எழுந்து, நான் கேட்ட கேள்வியையே ராகம் போட்டுப் பாடினாள். இரண்டாம் முறை பாடும்போது கூட்டமும் சேர்ந்துகொண்டது. அம்மாவையே நடிக்க வைத்த துணிச்சலை நடுவர்கள் தனியாகப் பாராட்டி முதல் பரிசு கொடுத்தார்கள். (நான் மூங்கிலைக் கீழே வைக்கவே இல்லை.)

அதற்கப்புறம் அவர்கள் பாடியதெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில்தான். தேவி பெங்களூருக்குப் போனாள், பேண்டையும் கூட்டிக்கொண்டு. அந்தக் கேள்விதான் அவர்களின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு. டிரம்ஸ் பையன் இப்போது என் மாப்பிள்ளை. நான் வருகிறேன் என்றால், "அத்தை வராங்க, கழியெல்லாம் எடுத்து உள்ள வைங்க" என்று மண்டபத்துக்காரரிடம் முதலில் சொல்லிவிடுவார்.

இன்றும் கடைசிப் பாட்டில் அவள் விழுவாள். வருஷக்கணக்காகப் பார்த்தும் எனக்குப் பழகவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன். உடனே கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பிப் பாடுகிறது:

"நல்லா கீறாம்மா, உக்காரும்மா."